நரம்பை விட்டு வாய்க்கு வந்த வைத்தியம்

மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஒரு சூழ்நிலை சொல்றேன். அதில் நீங்கதான் டாக்டர்.

1971 ஜூன் கடைசி வாரம். மேற்கு வங்காளத்தில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பன்காவ் என்ற சிறு ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் போர் நடக்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தவர்கள் அந்த வட்டாரத்தில் மட்டும் மூன்றரை லட்சம் பேர். மழை கொட்டுகிறது. குடிக்கிற தண்ணியும் கழிவுத் தண்ணியும் ஒன்றாகிவிட்டது. காலரா வெடித்துவிட்டது.

உங்களிடம் இருப்பது 16 படுக்கை கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி. படுக்கை எப்போதோ நிரம்பிவிட்டது, தரை முழுக்க நோயாளிகள். கடுமையான காலராவில் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை கூட வயிற்றால் போகும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை. அவர்களைக் காப்பாற்ற ஒரே வழி, பாடப்புத்தகம் சொல்லும் வழி, ரத்தநாளம் வழியாக சலைன் ஏற்றுவது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் நரம்புல குளுக்கோஸ் ஏத்துறது. ஆனால் சலைன் பாட்டில்கள் தீரப்போகின்றன. குழுவில் ஐவி போடத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர்.

என்ன பண்ணுவீங்க?

நம்மில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் யோசிப்போம். இன்னும் நிறைய பாட்டில் வேணும். இன்னும் நிறைய ஊசி வேணும். இன்னும் நாலு டாக்டர், பத்து நர்ஸ் அனுப்பச் சொல்லி கல்கத்தாவுக்குத் தந்தி அடிக்கணும். இது தப்பான யோசனை இல்லை. நேரான யோசனை. பிரச்சனை என்னன்னா, அந்த பாட்டில்கள் வந்து சேர்வதற்குள் தரையில் கிடப்பவர்கள் இறந்துவிடுவார்கள்.

இந்த "இன்னும், இன்னும்" என்கிற யோசனைக்கு ஒரு மருத்துவர் பெயர் வைத்தார். எட்வர்ட் டி போனோ. 1933-ல் மால்டா தீவில் பிறந்தவர், அங்கேயே மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அவர் இதை செங்குத்துச் சிந்தனை என்றார். ஒரு இடத்தில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டோம். தண்ணீர் வரவில்லை. என்ன செய்வோம்? இன்னும் ஆழமாகத் தோண்டுவோம், பெரிய கடப்பாரை கொண்டுவருவோம், கூடுதல் ஆள் போடுவோம். வேறு இடத்தில் தோண்டலாமே என்று மட்டும் தோன்றாது, ஏன்னா ஏற்கனவே இவ்வளவு தோண்டியாச்சு! அந்த வேறு இடத்தைத் தேடுவதற்கு அவர் 1967-ல் வைத்த பெயர்தான் லேட்டரல் திங்கிங். தமிழில் பக்கவாட்டுச் சிந்தனை.

ஏன் நமக்கு இது சுலபமாக வருவதில்லை? 1969-ல் எழுதிய ஒரு நூலில் டி போனோ அழகான ஒரு உவமை சொல்கிறார். ஒரு தட்டு நிறைய ஜெல்லி. அதன்மேல் சூடான மையை ஒரு ஸ்பூன் ஊற்றினால் ஜெல்லி கொஞ்சம் உருகிக் குழியாகும். அடுத்த ஸ்பூனைப் பக்கத்தில் ஊற்றினால் அது வழிந்து முதல் குழிக்கே ஓடும், குழி இன்னும் ஆழமாகும். நாலு ஸ்பூன் போனபிறகு எங்கே ஊற்றினாலும் மை ஒரே வாய்க்காலில்தான் ஓடும். மூளையும் அப்படித்தான் என்றார் அவர். அது சோம்பேறித்தனம் இல்லை, மூளையின் வேலையே அதுதான். தினமும் காலையில் சட்டை பட்டனை எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தால் யாரும் வேலைக்குப் போக முடியாது.

காலரா விஷயத்தில் அந்த முதல் ஸ்பூன் மை 1832-ல் ஊற்றப்பட்டது. அந்தக் கதையையும் பார்த்துவிடலாம்.

காலரா முதன்முதலாக பிரிட்டனைத் தாக்கிய சமயம். அப்போது வைத்தியம் என்ன தெரியுமா? ரத்தத்தை வெளியே எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, கலோமெல் எனும் பாதரச மருந்து, அபின். தண்ணீர் வற்றிச் சாகிறவரிடம் இருந்து இன்னும் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது! வில்லியம் ஓஷானஸி என்ற 22 வயது இளைஞர் நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, இதில் தண்ணீரும் உப்பும்தான் குறைந்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த தாமஸ் லட்டா, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுக ஊரில், சாவின் விளிம்பில் இருந்த ஒரு வயதான அம்மாவுக்கு உப்புநீரை ரத்தநாளத்தில் செலுத்தினார். மூன்று லிட்டருக்கும் மேல். செத்துப்போன முகத்தில் களை வந்தது, அந்த அம்மா பேசினார். லட்டா அவரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பேதி மீண்டும் தொடங்கியது, யாரும் மறுபடி உப்புநீர் ஏற்றவில்லை, சில மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார்.

லட்டாவும் அடுத்த வருஷமே இறந்தார். அந்த வைத்தியமும் ஏறக்குறைய அவரோடு போய்விட்டது. (ஓஷானஸி பிறகு இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பிகள் போட்டுக்கொடுத்தது தனிக் கதை.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் அதை மீண்டும் கையில் எடுத்து, காலரா மரணங்களைப் பாதியாகக் குறைத்தார். அதன்பின் மெல்ல மெல்லச் செம்மைப்பட்டு, 1960-கள் வாக்கில் நல்ல ஆஸ்பத்திரியில் முறையாக ஐவி ஏற்றினால் காலராவில் யாரும் சாகவே தேவையில்லை என்ற நிலை வந்தது.

அற்புதமான சாதனை. அதே சமயம், ஆழமான குழி. காலரா என்றால் ஐவி. ஐவி என்றால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் டாக்டர். காலரா வருகிற ஊர்களில் இந்த மூன்றும் இருக்காது என்பதுதான் கொடுமை.

இதோடு சேர்ந்து இன்னொரு நம்பிக்கை. "வயித்துக்கு ரெஸ்ட் குடுங்க." குடல் கெட்டுப்போயிருக்கு, அதில் எதைப் போட்டாலும் நிற்காது, பச்சத்தண்ணி கூடக் குடுக்காதீங்க. இதை நம்ம பாட்டிகள் மட்டும் சொல்லவில்லை, மருத்துவப் பாடப்புத்தகங்களும் சொல்லின. கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? ஓட்டைக் குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

டி போனோ சொல்லிக்கொடுக்கிற வழிகளில் முதலாவது இங்கேதான் வருகிறது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை எடுத்து, அது தப்பு என்று சண்டை போடாமல், சும்மா "ஏன்?" என்று கேட்பது. குழந்தைகள் கேட்கிற மாதிரி. ஏன் வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது? குடல் கெட்டிருப்பதால். குடல் முழுவதுமா கெட்டிருக்கிறது? யார் பார்த்தது?

நம்ம சென்னையிலேயே இப்படி ஒரு "ஏன்" கேட்கப்பட்டது. காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாசக்கணக்கில் படுக்கை ஓய்வு என்று உலகமே நம்பிய காலம். அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது என்று எல்லோரும் கவலைப்பட்டபோது, படுக்கை எதற்கு என்று கேட்டார்கள். 1956-ல் தொடங்கிய மெட்ராஸ் காசநோய் ஆய்வு மையத்தில் ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும், மறு பகுதியை அவர்களின் ஏழை வீடுகளிலேயே வைத்தும் அதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, காலராவுக்கு வருவோம்.

"குடல் முழுவதுமா கெட்டிருக்கிறது?" என்ற கேள்விக்கான பதில் காலரா வார்டில் கிடைக்கவில்லை. 1960-ல் பிராக் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில், ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் குடல் எப்படி சர்க்கரையை உறிஞ்சுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார். குளுக்கோஸ் தனியாக உள்ளே போவதில்லை, சோடியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் குடல் செல்லுக்குள் நுழைகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். சோடியம் போன பக்கம் தண்ணீர் தானாகப் போகும்.

காலராக் கிருமியின் நச்சு என்ன செய்கிறது என்றால், குடல் செல்லைக் கட்டாயப்படுத்தி உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் இந்த சர்க்கரை-சோடியக் கதவை அது தொடுவதே இல்லை. வெள்ளத்தில் வீடே மூழ்கிக் கிடக்கும்போது பின்பக்கக் கதவு மட்டும் நன்றாகத் திறந்து மூடுகிற மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரேனின் விளக்கம் வருவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1953-ல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்து, அதை லான்செட் இதழில் எழுதியும் விட்டார். பேதியைக் கட்டுப்படுத்த அவர் சேர்த்துக் கொடுத்தது எது தெரியுமா? கோலியஸ் அரோமாட்டிகஸ் இலைச்சாறு. அதாவது நம்ம வீட்டுத் தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லி! யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை, ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கமும் இல்லை. அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் கல்கத்தாவில் இருந்து வராமல் லண்டனில் இருந்து வந்திருந்தால் யாராவது ஒருவர் செய்து பார்த்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இங்கே கொஞ்சம் நிற்கணும். "பக்கவாட்டா யோசி, பெட்டிக்கு வெளியே யோசி" என்று மேடையில் பேசுகிற பேச்சாளர்கள் இந்தப் பகுதியைச் சொல்லவே மாட்டார்கள்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ், குளுக்கோஸ் சேர்த்தால் காலரா நோயாளியின் குடல் உப்பை உறிஞ்சுகிறது என்பதைக் கண்டார். சரியான பாதை, புதிய யோசனை. உற்சாகத்தில் பிலிப்பைன்ஸில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கரைசல் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தது, அளவீடுகளும் போதவில்லை. சில நோயாளிகள் இறந்துபோனார்கள். அவர் மனமுடைந்து அதைக் கைவிட்டார். அதன்பிறகு யாராவது வாய்வழி என்று பேச்சை எடுத்தாலே அவர் கடுமையாகத் தயங்கினார்.

புது யோசனை மட்டும் யாரையும் காப்பாற்றாது. எந்த இடத்தில் தோண்டுவது என்று கண்டுபிடித்தபிறகு, அந்த இடத்தில் ஒழுங்காக, அளந்து, செங்குத்தாகத் தோண்டத்தான் வேண்டும். டி போனோவே இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்றுதான் எழுதினார். அவர் பெயரைச் சொல்லி வகுப்பு எடுக்கிறவர்களில் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அளந்து தோண்டியவர்கள் இரண்டு இளைஞர்கள். டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ். இருவரும் இருபதுகளில் இருந்த அமெரிக்க மருத்துவர்கள், டாக்காவில் இருந்த காலரா ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். அதற்குமுன் சிட்டகாங் பக்கம் நடந்த ஒரு வாய்வழி சோதனை தோற்றிருந்தது. எல்லோரும் "பார்த்தீங்களா, வேலை செய்யாது" என்றார்கள். நாலின் அதே தோல்வியை வேறு பக்கமிருந்து பார்த்தார். கரைசல் தோற்கவில்லை, கொடுத்த அளவுதான் போதவில்லை. வெளியே எவ்வளவு போகிறதோ அதை அளந்து, அவ்வளவையும் உள்ளே கொடுத்தால்?

காலராக் கட்டில் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே அளவு குறித்த வாளி. அசிங்கமான ஏற்பாடு என்று முகம் சுளிக்காதீர்கள், அந்த வாளிதான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான கருவி. வாளியைப் பார்த்து, அதற்கு ஈடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகள். ஐவி சலைனின் தேவை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. 1968 ஆகஸ்டில் லான்செட்டில் வெளியானது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையத்தில் இருந்தவர்களும் அதே காலத்தில் இதே முடிவுக்கு வந்தார்கள்.

அப்போ பிரச்சனை தீர்ந்ததுன்னுதானே நினைப்பீங்க? இல்லை. இதெல்லாம் ஆய்வகத்துக்குள், மணிக்கு மணி ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் கண்முன் நடந்தது. வெளியே ஒரு கிராமத்தில், படிக்காத மக்கள் கையில் இதைக் கொடுக்கலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. உப்பு கூடினால் குழந்தை செத்துவிடும், யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பிலிப்ஸின் நோயாளிகள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது.

இப்போ மறுபடி பன்காவ் வாங்க.

அங்கே நின்ற மருத்துவர் திலீப் மஹலனபிஸ். வயது 36. குழந்தைகள் நல மருத்துவர், கல்கத்தா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையத்தில் வாய்வழிக் கரைசல் ஆய்வில் வேலை செய்தவர். ஜூன் 24 அன்று பன்காவ் வந்தார். தரையில் கிடந்தவர்களுக்கு ஊசி போட, மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் போட வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். 48 மணி நேரத்துக்குள் இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

டி போனோவின் கருவிப்பெட்டியில் "போ" என்று ஒரு சொல் இருக்கிறது. நம்ம "போ" இல்லை, ஆங்கிலத்தில் அவர் உருவாக்கிய சொல். ஆனால் தமிழில் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பேன். ஒரு வாக்கியத்தின் முன்னால் "போ" போட்டுவிட்டால், அது சரியா தப்பா என்று அப்போதைக்கு யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது. அதை ஒரு மிதிகல்லாக வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவணும். அவர் தரும் உதாரணம்: "போ, காருக்குச் சதுரச் சக்கரம்." பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சதுரச் சக்கரம் எப்போது தூக்கிப்போடும் என்று முன்கூட்டியே தெரியுமே, அதற்கேற்ப வண்டி தன்னைச் சரிசெய்துகொண்டால்? அங்கிருந்து தானாக ஈடுகொடுக்கும் சஸ்பென்ஷன் என்ற எண்ணத்துக்குப் போய்விடலாம்.

மஹலனபிஸ் "போ" என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் செய்ததை அந்தப் பாஷையில் எழுதினால் இப்படி வரும்: போ, நோயாளியின் அம்மாதான் நர்ஸ்.

அங்கே டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, பாட்டில் இல்லை. எது இருந்தது? ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு அம்மாவோ மனைவியோ அண்ணனோ தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் என்று விரட்டப்பட்டவர்கள். நாமும் வார்டில் "அட்டெண்டர்ஸ் எல்லாம் வெளிய போங்க" என்று சொல்கிறோமே, அவர்கள். அவர்களிடம் ஒரு டம்ளரைக் கொடுத்தால்?

ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. அவ்வளவுதான். பொட்டாசியம் சேர்த்தால் இன்னும் நல்லது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எளிதில் கிடைக்கிற மூன்று பொருளோடு நிறுத்தினார். கல்கத்தாவில் ஆய்வு மையத்தின் நூலக அறையே பொட்டலம் கட்டும் இடமாக மாறியது. எடை போட்டு, பாலிதீன் பைகளில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, குறிப்பெழுதி அனுப்பினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. பன்காவில் குழாய் வைத்த டிரம்களில் அதைக் கரைத்து வைத்தார்கள். சொந்தக்காரர்கள் டம்ளரில் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய் ஊட்டினார்கள்.

பெயர் வைத்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். ஊழியர்களே முதலில் நம்பவில்லை, இது என்ன உப்புத்தண்ணி வைத்தியம் என்று. சலைன் என்ற சொல்மீது எல்லோருக்கும் மரியாதை. அதனால் இதற்கு "வாய்வழி சலைன்" என்று பெயர் வைத்தார். பாட்டில் வழியாக இறங்கும் அதே சாமான், வாய் வழியாக வருகிறது, அவ்வளவுதான்! இன்றைக்கும் ஓபியில் "நாலு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார், அப்பதான் தெம்பு வரும்" என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது அந்தப் பெயரின் அருமை தெரிகிறது.

இது வேலை செய்கிறது என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆனது. ஜூன் 24 முதல் ஆகஸ்ட் 30 வரை சுமார் 3,700 நோயாளிகள். அதற்குமுன் 30 சதவீதம் வரை இருந்த மரணம், 3.6 சதவீதமாக இறங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக, வங்கதேசத்தின் ரகசிய வானொலி இந்தக் கலவையின் செய்முறையை ஒலிபரப்பியது. போர்க்கால வானொலியில் உப்பு, சோடா கணக்கு!

அப்போதும் மருத்துவ உலகம் கை தட்டவில்லை. அவருடைய கட்டுரையை ஏற்க இதழ்கள் தயங்கின, 1973-ல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வெளிவந்தது. உலக சுகாதார அமைப்பில் இருந்த திமான் பருவா நேரில் வந்து பன்காவைப் பார்த்திருந்தார். உள்ளே இருந்து விடாமல் வாதாடினார். 1978-ல் லான்செட் தலையங்கம், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உறிஞ்சப்படும் இந்தக் கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அதே லான்செட்தான் 25 வருஷம் முன்னால் சாட்டர்ஜியின் கட்டுரையையும் வெளியிட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல யோசனை எல்லாமே பின்னால் திரும்பிப் பார்த்தால் தர்க்கமாகத்தான் தெரியும் என்று டி போனோ சொல்வார். அதனால்தான் அதற்கு மதிப்பு தருவதில்லை, "இது தெரியாதா?" என்று சொல்லிவிடுகிறோம். உப்பு, சர்க்கரை, தண்ணீர். இது தெரியாதா? தெரியாமல்தான் 1832-ல் இருந்து 1968 வரை ஊசியோடு நின்றோம். டி போனோவின் முறைகளுக்கு உறுதியான ஆய்வு ஆதாரம் குறைவு என்ற விமர்சனமும் இருக்கிறது, அதை நான் ஏற்கிறேன். சீட்டு எடுத்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் எல்லோரும் மஹலனபிஸ் ஆகிவிட மாட்டோம். ஆனால் "இங்கே இல்லாதது என்ன?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "இங்கே இருப்பது என்ன?" என்று கேட்டுப் பார்க்க ஆய்வு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை.

கடைசித் திருப்பத்தை நிகழ்த்தியது டாக்டர்களே இல்லை. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1980-ல் இருந்து பத்து வருஷம் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது. பொட்டலம்கூட வேண்டாம் என்றார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கைதான் தராசு. இதில் ஒரு சிக்கல் வந்தது. சொல்லிக்கொடுக்கும் பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள், ஆனால் தாய்மார்கள் மறந்துவிடுகிறார்கள். வழக்கமான நிர்வாகம் என்ன செய்யும்? மேற்பார்வையாளரைப் போடும், ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கும். பிராக் சம்பளத்தைத் தலைகீழாக்கியது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பதற்குக் கூலி இல்லை. சில நாள் கழித்து வேறொருவர் போய் சில தாய்மார்களைக் கேட்பார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குப் பணம். ஆசிரியரின் சம்பளம் மாணவர் பாஸ் ஆவதைப் பொறுத்தது என்றால் பாடம் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்க!

அதே டாக்காவில் 1980-களில் குளுக்கோஸுக்குப் பதில் அரிசிமாவைப் போட்டும் ஆய்வு செய்தார்கள். காலராவில் அது நன்றாகவே வேலை செய்தது. உப்பு போட்ட கஞ்சி என்று நாம் சொல்வதற்கு அவர்கள் அரிசி ஓஆர்எஸ் என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். "காய்ச்சல், பேதின்னா கஞ்சி குடு" என்ற பாட்டி சரி. "பச்சத்தண்ணி கூடக் குடுக்காதே" என்ற பாட்டி தப்பு. இரண்டும் ஒரே பாட்டிதான், என்ன செய்வது!

ஓஆர்எஸ் இதுவரை காப்பாற்றிய உயிர்கள் 5 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நோபல் பரிசு வரவில்லை. திலீப் மஹலனபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். 2023 ஜனவரியில் இந்திய அரசு அவருக்கு பத்ம விபூஷண் அறிவித்தது. தனக்கு அது வந்தது அவருக்குத் தெரியாது.

இப்போ நம்ம வீட்டு விஷயம். மழைக்காலம் வருது, இதைச் சேமிச்சு வச்சுக்கோங்க.

மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ் கேட்டால் அட்டைப்பெட்டியில் ஜூஸ் மாதிரி எதையாவது கொடுத்தால் வாங்காதீங்க. சர்க்கரை அதிகமுள்ள பானம் குழந்தையின் பேதியைக் கூட்டும், குறைக்காது. பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் உத்தரவு போட்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி என்று அச்சிட்ட தூள் பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்க. பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்கணும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, சர்க்கரை சேர்ப்பது, பாலில் கலப்பது எதுவும் வேண்டாம்.

பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு மட்டும் கூடவே கூடாது.

ரெண்டு வயசுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை வயிற்றால் போனபிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி. தாய்ப்பால், வழக்கமான சாப்பாடு எதையும் நிறுத்த வேண்டாம். கூடவே ஜிங்க் எத்தனை நாள் என்று உங்க டாக்டரிடம் கேளுங்க, பெரும்பாலும் 10 முதல் 14 நாள்.

குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாமல் இருந்தால், கண் குழிவிழுந்தால், பல மணி நேரம் ஒண்ணுக்குப் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் டம்ளரோடு உட்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் லட்டாவின் ஊசிதான் உயிரைக் காப்பாற்றும். போகிற வழியெல்லாம் குடிக்கிற அளவு குடிக்கக் கொடுத்துக்கிட்டே போங்க. கலக்கி 24 மணி நேரம் ஆன கரைசலை மட்டும் கொட்டிட்டுப் புதுசா கலக்கிக்கோங்க.